முணுமுணுப்பு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நானும் அவரும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? குனிந்து தூக்குகிற வேலையைக் கொஞ்ச நாளைக்கு வேறு யாராவது பார்க்கக் கூடாதா?

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசும்போது குழந்தை என் முழங்காலை ஒட்டிக்கொண்டே நிற்கிறாள். அவளைப் பற்றி அவள் காதுபட எப்படிப் பேசுவது? பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். எந்நேரமும் முணுமுணுக்கிறாள். யாரோடும் இல்லை, தன்னோடேதான். எழுத உட்கார்ந்தால் வாய் நிற்பதில்லை. "முதல்ல மேல ஏறு, ஏறு, இப்ப வளை, ஐயோ கோட்டைத் தாண்டிட்ட, பரவாயில்ல, அழிச்சுட்டுத் திரும்ப ஏறு." நேற்றுக் கழித்தல் கணக்கு. ஏழிலிருந்து மூன்று. "ஏழு பேர் நின்னாங்க. மூணு பேர் பஸ்ல ஏறிட்டாங்க. ஏறாதீங்கன்னா கேட்கல. போகட்டும். மிச்சம் நாலு பேர் வீட்டுக்கு வாங்க." விடை சரி. அவளுக்கு எப்போதும் சரிதான் வருகிறது. வகுப்பிலேயே கணக்கில் அவள்தான் முதல். தப்பு வந்து கண் கலங்கினாலும் தனக்குத்தானே, "அழாத, மூக்கைத் துடை, அடுத்ததைப் பாரு" என்று சொல்லிக்கொள்வாள்.

அவர் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்திருக்கிறார். பஸ் டிப்போவிலிருந்து வந்து கையில் கிரீஸைக்கூடக் கழுவாமல், "ரேடியோ, இன்னிக்கு என்ன செய்தி?" என்பார். எங்களுக்கென்று ஒன்று இல்லாத வீட்டில் இந்தச் சத்தம் அவருக்கு இனிக்கிறது.

ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் இரண்டு முறை என்னிடம் சொல்லிவிட்டாள், பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொந்தரவாம். அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். வெளியிலிருந்து யார் வந்தாலும் தலைமையாசிரியை முதலில் என் வகுப்புக்குத்தான் கூட்டி வருவார். நாற்பது பிள்ளைகள் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்க, என் வீட்டுப் பிள்ளை மட்டும் இப்படி. நீ என்ன நினைக்கிறாய்?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 30

அன்புள்ள சின்னவளே,

கடிதம் கிடைச்சுது. முதுகு அப்படியேதான் இருக்கு. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாச் சொல்லு. உன்னை மாதிரி கோர்வையா எழுத எனக்கு வராது, எட்டாம் வகுப்போட நின்னவதானே. பேசற மாதிரியே எழுதறேன்.

பஸ் கணக்கைப் படிச்சுட்டுச் சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியல. ஏறாதீங்கன்னா கேட்கலையாம்.

சின்னவளே, ஒரு நல்ல சேதி. விசா பேப்பர் நகர ஆரம்பிச்சாச்சு. ஆகஸ்ட்டுக்குள்ள குழந்தையை இங்க கூட்டிக்கலாம். நாலு வயசுல விட்டுட்டு வந்தேன். அவ அப்பா போன அந்த வருஷம் எனக்கு வேற வழி தெரியல. உனக்குத் தெரியும்.

ஆனா நீ எழுதினதுதான் இடிக்குது. இங்க பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு அம்மா தனியா உட்கார வச்சுச் சோதிப்பாங்களாம். என்கூட ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல படுக்கை விரிப்பு மடிக்கிறவ ஒருத்தி, அவ மக தனக்குத்தானே பேசிக்கிட்டிருந்தாளாம். புத்தி சரியில்லாத பிள்ளைன்னு எழுதி வேற வகுப்புல தள்ளிட்டாங்களாம். சூப்பர்வைசர் அம்மாதான் சொன்னாங்க. இஸ்திரி உருளை ஓடற சத்தத்துல அவங்க பேசறது பாதிதான் காதுல விழும், விழுந்ததுல பாதிதான் எனக்குப் புரியும். ஆனா இது நல்லாப் புரிஞ்சுது. அவங்க விரலை நெத்திப் பொட்டுல வச்சுச் சுத்திக் காட்டினாங்க.

நம்ம பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. எப்படியாவது அந்தப் பழக்கத்தை விட வை. நாப்பது பேரை அடக்கறவ நீ. ஒண்ணை அடக்க மாட்டியா?

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ ஒத்தடம் கொடுக்கிறாயா? மறக்காமல் கொடு.

நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. இரண்டு வாரமாக முயற்சி செய்கிறேன். முதலில் வாயில் விரல் வைத்துப் பழக்கினேன். இடது கை விரல் வாயில், வலது கையில் பென்சில். விரலைச் சுற்றிக்கொண்டு பேச்சு வருகிறது.

அடுத்து, ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று. மாணவன் தன்னைத் தானே கவனித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். ஒரு அட்டை கொடுத்தேன். "வாய் திறந்து பேசினால் நீயே ஒரு கோடு போட வேண்டும். நாளைக்குக் கோடு குறைய வேண்டும்." மிகவும் சிரத்தையாக ஒப்புக்கொண்டாள். கணக்குப் போடும்போது பார்த்தேன். "ஒன்பதுல அஞ்சு போச்சு... அய்யய்யோ பேசிட்டேன், கோடு போடு. கோடு நேரா இருக்கணும். இப்பவும் பேசிட்டேனே, இன்னொரு கோடு. இதைச் சொன்னதுக்கு ஒண்ணு." அரை மணி நேரத்தில் அட்டை முழுக்கக் கோடு, வேலி அடைத்த மாதிரி. அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்க வை" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் முன்னால் குழந்தை என் பேச்சை மதிக்கவில்லையே என்று உள்ளே சுருக்கென்றது.

வேறு வழி யோசிக்கிறேன். கவலைப்படாதே.

உன் தங்கை


மார்ச் 10

அன்புள்ள சின்னவளே,

நான் சுகம். நீங்க எல்லாரும் சுகமா இருங்க.

வேலி அடைச்ச கதையை இங்க யார்கிட்டச் சொல்ல? சொல்ற அளவுக்குப் பாஷை இல்ல. உருளையோட அந்தக் கோடியில விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவளைப் பார்த்துச் சும்மா சிரிச்சேன். அவளும் சிரிச்சா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரை எங்களுக்குள்ள அவ்வளவுதான் பேச்சு.

ஆனா நீங்க ரெண்டு பேரும் அதை விளையாட்டா எடுத்துக்கிட்டீங்கன்னு தோணுது. ஆகஸ்ட்டுக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. அவளை வேற வகுப்புல தள்ளிட்டா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாழ்றது? இத்தனை வருஷம் நாய்ப்பாடு பட்டது எதுக்கு? செல்லம் கொடுக்கிறவங்க கொடுக்கட்டும். நீயாவது கண்டிப்பா இரு. பின்னாடி அவளே உன்னைக் கும்பிடுவா.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கு மகிழ்ச்சியான செய்தி சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். குழந்தையின் முணுமுணுப்பு நின்றுவிட்டது.

ஒரு சிறு உபாயம் செய்தேன். பத்து நாள்தான். இப்போது எழுதும்போது அவள் உதடு அசைவதே இல்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் வழியில் நிறுத்தி, "எப்படி டீச்சர் இந்த அதிசயம்?" என்று கேட்டாள். தலைமையாசிரியையும் கேள்விப்பட்டிருக்கிறார். குழந்தை தானாகவே உட்காருகிறாள், தானாகவே எழுந்திருக்கிறாள். சொல்லவே வேண்டியதில்லை.

அவர் நலம். டிப்போவில் வேலை அதிகம் போலிருக்கிறது, வீட்டில் அதிகம் பேசுவதில்லை.

கணக்கில் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறாள். பரீட்சைக் களைப்பாக இருக்கும். சரியாகிவிடும்.

உன் தங்கை


ஏப்ரல் 29

அன்புள்ள சின்னவளே,

என் வயித்துல பாலை வார்த்த. நீ நல்லா இருக்கணும். அன்னிக்கு மனசு லேசாகி, முதுகு வலிகூட மறந்துடுச்சு. குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி வச்சிருக்கேன். இங்க குளிர் அதிகம்.

அது என்ன உபாயம்? வரி விடாம எழுது. இங்க போன வாரம் புதுசாப் பழகின நம்ம பாஷைக்காரி ஒருத்தி கேட்கிறா, அவ பொண்ணும் வகுப்புல அடங்க மாட்டேங்கறாளாம். என் தங்கை டீச்சர்னு பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. நாலு வாரமா போன்ல அவ பேசவே இல்ல. மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்குது. "அம்மா கேட்கிறேன், சொல்லும்மா"ன்னா மூச்சு நின்னு நின்னு வருது. நீ வாங்கி, "வெட்கப்படறா"ன்ன. பெத்தவகிட்ட என்ன வெட்கம்? போன மாசம் வரைக்கும் வாயாடினவதானே.

உடனே பதில் போடு.

அக்கா


ஜூன் 3

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுகிறேன். உங்கள் உடல்நிலை நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் மன்னிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் செய்தபோது, குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஏது பள்ளிக்கூடம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்காமல் "சரி" என்றீர்களே, அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பஸ்ஸின் பிரேக்கை மாட்டாமலேயே மாட்டியாயிற்று என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தேன்.

குழந்தை பேசுவதில்லை, அக்கா. ஏப்ரல் மாதத்திலிருந்து ஒரு சொல் இல்லை. எங்களோடும் இல்லை, தெருப் பிள்ளைகளோடும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது. தொண்டையில் கோளாறு இல்லை. பரீட்சையில் கணக்குத் தாளை வெறுமனே கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தால் நிறுத்தத் தெரியவில்லை. சத்தமில்லாமல் உடம்பு குலுங்கிக்கொண்டே இருக்கும். தூக்கி வைத்துக்கொண்டால் மரக்கட்டை மாதிரி இருக்கிறாள்.

எதனால் என்று நான் சொல்லக் கூடாது. நான் சொன்னால் கோள் சொன்னதாகும். அவள் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்லி இருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்


ஜூன் 12

அக்கா,

அவர் எழுதியது உனக்குக் கிடைத்திருக்கும். ஐந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீ கேட்ட உபாயம் இதுதான். வீட்டுப்பாடம் செய்கிற ஒரு மணி நேரமும் அவள் வாயைக் கட்டினேன்.

என் கைக்குட்டையால்தான். துவைத்த, மெத்தென்ற துணி. மூக்கு மூடாமல் கவனமாகக் கட்டினேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் விளையாட்டு என்று சொன்னேன். அவளும் விளையாட்டு என்றே நினைத்தாள், கண் சிரித்தது. இரண்டாம் நாள் பிடித்து இழுத்தாள், முடிச்சை இறுக்கினேன். மூன்றாம் நாள் துணிக்குள்ளேயே முணுமுணுத்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை, துணி மட்டும் நனைந்தது. "நனைந்தால் நாளைக்கு இரண்டு மணி நேரம்" என்றேன்.

ஐந்தாம் நாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்தாள். கைக்குட்டையைத் தானே எடுத்து, நாலாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள், கட்டுவதற்கு வாகாக. அன்று நான் சந்தோஷப்பட்டேன், அக்கா. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். பாடம் எடுக்கிற எங்களுக்கெல்லாம் அதுதானே லட்சியம்.

ஒன்பதாம் நாள் அவர் டிப்போவிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அவருக்கு வரவில்லை. குழந்தை பின்னால் கை கொடுத்து அவருக்கு உதவி செய்தாள். அவிழ்த்ததும், "பேசு, ரேடியோ, ஏதாவது பேசு" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். என்னிடம் உத்தரவு கேட்கிற பார்வை. நான் அதற்கும் சும்மா இருந்தேன். அவர் முன்னால் தோற்கக் கூடாது என்று இருந்தது. அப்போது ஒரு வார்த்தை, "பேசும்மா" என்று ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். பத்தாம் நாளும் அவர் இல்லாத நேரத்தில் கட்டினேன். அதன் பிறகு துணி தேவைப்படவில்லை. அதைத்தான் உனக்கு அதிசயம் என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா, சின்னப் பெண்தான், அவளை அரை மணி நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், "முன்னாடி தனக்குத்தானே பேசிக்கிட்டுச் செய்வாளா?"

"ஆமா."

"ரொம்ப நல்ல விஷயம் அது. இந்த வயசுல பிள்ளைங்க வாய்விட்டுச் சொல்லித்தான் தங்களை நடத்திக்குவாங்க. இதைச் செய், இதைச் செய்யாதே, அழாதேன்னு. அந்தப் பேச்சுதான் நாளாக ஆகத் தானா உள்ள இறங்கி யோசனையா மாறும். வெளிய வர்றதை அடைச்சா உள்ள போகவும் வழியில்லாமப் போயிடும். யாராவது பேசக் கூடாதுன்னு மிரட்டினாங்களா?"

"இல்லை" என்றேன்.

குழந்தை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அக்கா. நான் சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தனியாகப் போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். எப்போது சரியாகும் என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றாள்.

இப்போதும் நோட்டைத் திறந்து உட்காருகிறாள். பென்சிலைப் பிடிக்கிறாள். உதடு லேசாகப் பிரிகிறது. உடனே நான் எங்கே இருக்கிறேன் என்று பார்க்கிறாள். நான் அறையில் இல்லாவிட்டாலும் வாசல் பக்கம் பார்க்கிறாள். உதடு மூடிக்கொள்கிறது. பென்சில் தாளைத் தொடுவதே இல்லை.

நீ அடக்கச் சொன்னாய் என்பதற்காகச் செய்தேன் என்று எழுத நினைத்து, எழுதி, அடித்துவிட்டேன். அது பொய். என் வகுப்புக்கு ஊசி விழுந்தால் கேட்கும் என்ற பெயர் இருந்தது. அது என் வீட்டில் கெடக் கூடாது என்றுதான் செய்தேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தங்கை


ஜூலை 16

சின்னவளுக்கு,

கடிதம் வந்துச்சு. பேப்பர் கிடைச்சாச்சு. ஆகஸ்ட் 4 வர்றேன், எட்டாம் தேதி திரும்பறோம். அவ துணிமணி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்தையும் ஒரே பெட்டியில எடுத்து வை. பள்ளிக்கூடத்துல மாற்றுச் சான்றிதழ் வாங்கி வை.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாகப் போய்ச் சேர்ந்ததை அவர் போனில் கேட்டுச் சொன்னார். குளிர் ஒத்துக்கொள்கிறதா?

நாலு நாள் இருந்தாய். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய், "தண்ணி எங்க இருக்கு" என்றுகூட என்னிடம் கேட்காமல் நீயே தேடி எடுத்துக்கொண்டாய். நீ என்னை அறைந்திருந்தால் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

விமான நிலையத்தில் அவர், "சித்திக்கு முத்தம் கொடு" என்றார். கொடுத்தாள். "கை ஆட்டு" என்றார். ஆட்டினாள். சொன்னதையெல்லாம் செய்தாள். அப்படிச் சொன்னபடி கேட்கிற பிள்ளையைத்தானே நான் கேட்டேன்.

என் வகுப்பில் இப்போது பிள்ளைகளை வாயில் விரல் வைக்கச் சொல்வதில்லை. சந்தைக்கடை மாதிரி இருக்கிறது என்று தலைமையாசிரியை சொல்கிறார். யாரையும் கூட்டி வருவதில்லை. பதினாறு வருடம் எத்தனை பிள்ளைகளை வாய் மூடி உட்கார வைத்தேன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அவர்களில் யார் யார் கணக்கில் தோற்றார்கள், யார் யாரை நான் மக்கு என்று எழுதினேன்.

ஒரே ஒரு வேண்டுதல். அவளிடம் சொல்லு. "சித்தி தப்புச் செய்தாள், நீ செய்யவில்லை" என்று சொல்லு.

உன் தங்கை


டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? செப்டம்பரில் எழுதியது கிடைத்ததா? அவரிடம் மட்டும் போனில் பேசுகிறாய். "எப்படி இருக்காளாம்?" என்று கேட்டால், "இருக்காளாம்" என்கிறார். தேவைக்கு மட்டும்தான் என்னோடு பேசுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வரி போதும், அக்கா.

தங்கை


மார்ச் 18

அன்புள்ள சின்னவளே,

நான் இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். எழுதாம இருந்ததுக்குக் கோபம் மட்டும் காரணம் இல்ல. சொல்ல வேண்டியது என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. உன்னால சொல்ல முடிஞ்சுது. எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

வந்த உடனே அந்தச் சோதிக்கிற அம்மாகிட்டக் கூட்டிப் போனேன். நம்ம பாஷை தெரிஞ்ச ஒரு பெண்ணை மொழிபெயர்க்க வச்சிருந்தாங்க. குழந்தை வாயே திறக்கல. தனி வகுப்புக்கு எழுதிட்டாங்க. "முன்னாடியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கிட்டே நல்லாப் படிச்சவதாங்க, நீங்க தப்பா நினைப்பீங்கன்னுதான் நிறுத்தினோம்"னு சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. "தனக்குத்தானே பேசற பிள்ளைன்னா எங்களுக்குக் கவலையே இல்லையே, யார் சொன்னது?"ன்னு கேட்டாங்க.

திரும்பி வந்து சலவைக்கூடத்துல விரிப்பு மடிக்கிற அந்தப் பிள்ளையோட அம்மாவைப் பிடிச்சுக் கேட்டேன், மொழிபெயர்க்கிற பெண்ணை போன்ல வச்சுக்கிட்டு. அவ மகளை வேற வகுப்புல போட்டது பேசினதுக்கு இல்லையாம். அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காதாம். காது கேட்காத பிள்ளைங்களுக்கான வகுப்பாம். சூப்பர்வைசர் அம்மா விரலை வச்சுச் சுத்தினது நெத்தியில இல்ல, காதுகிட்ட. உருளைச் சத்தத்துல பாதியைக் கேட்டு, மீதியை நானே கட்டி, உனக்கு எழுதிட்டேன். இத்தனை வருஷம் இங்க இருந்து ஒரு பாஷையை ஒழுங்காக் கத்துக்கல நான். அதுக்குத்தான் இவ்வளவும்.

ஜனவரியில குழந்தை பேசிட்டா.

சந்தோஷப்படாத, முழுக்கப் படி. பள்ளிக்கூடத்துல பேசினா, அவங்க பாஷையில. முதல்ல ஒரு சொல், ரெண்டு சொல், இப்ப மூச்சு விடாமப் பேசறா. டீச்சர் கூப்பிட்டாங்கன்னு போனேன். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். கதை சொல்றா, சிரிக்கிறா, கையை ஆட்டி ஒரு பிள்ளையோட சண்டை போடறா. தனி வகுப்புலேர்ந்து வழக்கமான வகுப்புக்கு மாத்திட்டாங்க. கணக்குல நல்லா வர்றாளாம்.

வீட்டுக்கு வந்தா ஒண்ணும் இல்ல. நம்ம பாஷையில ஒரு சொல் வரல. நான் பேசினா தலையைக் குனிஞ்சுக்கிறா. மொழிபெயர்க்கிற பெண் கேட்டுப் பார்த்தா. "அந்தப் பாஷை பேசறதுக்கு இல்ல, கேட்கறதுக்கு மட்டும்தான்"னாளாம்.

அதனால நானும் பாஷை வகுப்புக்குப் போறேன், வேலை முடிஞ்சு வாரத்துக்கு மூணு நாள். கடைசி பெஞ்சு. என்னைவிடச் சின்னப் பசங்கெல்லாம் முன்னாடி. வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாத் தூக்கம் தூக்கமா வருது, படிச்சதெல்லாம் விரிப்பு மடிக்கறதுக்குள்ள மறந்துபோகுது. போன மாசம் ஒரு வரியை ஒரு வாரம் உருப்போட்டேன். "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" அவ ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தா. கேட்டேன். நிமிர்ந்து பார்த்தா, சின்னவளே. முகம் அப்படியே மலர்ந்துச்சு. ரெண்டு வருஷமா, இல்ல மூணு வருஷமா நான் பார்க்காத முகம். ஒரு ஷூவைக் கையிலேயே வச்சுக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சா. ரொம்ப நேரம் சொன்னா. எனக்கு 'மழை', 'சிவப்பு' ரெண்டுதான் புரிஞ்சுது. தலையைத் தலையை ஆட்டினேன். அவ ஏதோ கேட்டு நிறுத்தினா. நான் அதுக்கும் தலையை ஆட்டினேன். அது தலையாட்டற கேள்வி இல்ல போல. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் ஷூவை மாடத்துல வச்சுட்டுப் போயிட்டா. அதுக்கப்புறம் நான் அந்த வரியைக் கேட்டா, ஒத்தைச் சொல்லுல முடிச்சுக்கிறா. அந்தச் சொல் எனக்குத் தெரியும். 'ஒண்ணுமில்ல.'

உன்மேல கோபம் இல்லன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரல. இருக்கு. என்மேலயும் இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிள்ளை வளர்றா, அவளுக்கு நாம ரெண்டு பேருமே வேண்டாம்.

நீ அவகிட்டச் சொல்லச் சொன்னியே, அதை அவங்க பாஷையிலதான் சொல்லணும்னு எழுதிப் பார்த்தேன். 'தப்பு' தெரியும். 'மன்னிப்பு' தெரியும், வேலையில தினமும் சொல்றதுதான். 'சித்தி'க்குத்தான் சொல் கிடைக்கல. வகுப்பு டீச்சர்கிட்டக் கேட்டேன். அம்மாவோட தங்கை, அம்மா இல்லாதப்போ அம்மாவா இருக்கறவன்னு கையைக் காலை ஆட்டிச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பாஷையில அதுக்குத் தனியா ஒரு சொல் கிடையாதாம்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா